காப்பி அடுப்புன்னு எழுதுங்க

அட, பாரத்துல அந்தக் கட்டத்தையும் டிக் பண்ணுங்க இன்ஜினியர் சார், இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்க! இன்டர்நெட் வேகம் இருக்கு. கேபிள் எல்லாம் புதுசு. போன் பேச்சுக்குன்னு தனி வழி ஒதுக்கணும்னு உங்க கம்பெனியில சொன்னாங்க, மேனேஜர் நானே பக்கத்துல நின்னு ஒதுக்க வெச்சேன். இங்க பொண்ணுங்க நாள் பூரா வீடியோ பாத்தாலும் குரல் வெட்டாது. ஆம்புலன்ஸ் ஆபீஸ் சார் இது. இந்த லா வேகா ஊர்ல எவன் நெஞ்சைப் பிடிச்சாலும் இங்கதான் போன் அடிக்கிறான்.

என்னது, போன மாசம் பதினாலாம் தேதியா? சொல்றேன், சொல்றேன். கரண்ட் போச்சு. இந்த ஊர்ல அது தினம் போறதுதான். பழைய போன்னா கம்பியிலயே உசுர் இருக்கும். உங்க இன்டர்நெட் போனுக்கு ரூட்டர் செத்தா எல்லாம் செத்துச்சு. அதுக்குத்தான் இன்வெர்ட்டர், நாலு பேட்டரி. அந்த நேரம் பாத்து நம்ம காப்பி போடுற எவுஃபேமியா கரண்ட் அடுப்பைப் போட்டுட்டா. அவ்வளவுதான், லோடு தாங்காம இன்வெர்ட்டர் படுத்துருச்சு, நாப்பது நிமிஷம் ஆபீஸே ஊமை. பேக்கரி அன்செல்மோவுக்கு நெஞ்சு வலி, அவன் சம்சாரம் பதினோரு தடவ போன் அடிச்சுதாம். வண்டி வாசல்லதான் நிக்குது, டிரைவர் டோமினோ கட்டை ஆடிக்கிட்டிருக்கான். அந்தாளு போய்ச் சேந்துட்டான்.

எவுஃபேமியாவையா? அன்னிக்கே வெளிய தள்ளிட்டேன். இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ். ஐயா, கரண்ட் போனப்பெல்லாம் இந்த அடுப்புலதானே காப்பி போட்டேன், ஒருநாளும் ஒண்ணும் ஆகலையேன்னு அழுதா. ஒரு உசுரைக் குடிச்சுட்டு வாய் வேறயான்னேன்.

அப்புறம் கூத்தைக் கேளுங்க. செத்தவனுக்காக அன்செல்மோ வீட்டுல வெச்ச ஒம்போது நாள் ஜெபத்துக்கும் நடந்தே போயிருக்கா. உள்ள போகாம வெயில்ல வாசப்படியில முட்டி போட்டாளாம். வந்தவங்களுக்கெல்லாம் காப்பி குடுத்தாங்க, இவ கப்பைப் பாத்ததும் வேண்டாம்னுட்டாளாம். கடைசி நாள், என் காப்பிதான் உங்க வீட்டுக்காரரைக் கொன்னுச்சுன்னு அந்தம்மா கால்ல விழுந்திருக்கா. அந்தம்மா மூஞ்சியில துப்பிருச்சு. இன்னும் வீட்டுல அடுப்பே பத்த வைக்கிறதில்லையாம். எனக்குச் சிரிப்பு தாங்கல சார். சொன்னதை அப்படியே நம்புறாங்களே, அப்படியும் ஒரு பொம்பளை!

ஆ, போச்சு பாருங்க கரண்ட். ஒக்காருங்க, ஒக்காருங்க, பதறாதீங்க. போன்ல பச்சை லைட் எரியுதா? எரியும். யம்மா, இன்ஜினியருக்கு ஒரு காப்பி! புதுசா வந்த பொண்ணு, நல்லா போடும்.

ஆமா, அதே அடுப்புதான். இன்வெர்ட்டர்லதான் ஓடுது. ஏன் சார் முழிக்கிறீங்க? இப்ப நாலு பேட்டரியும் உள்ள இருக்குல்ல. அன்னிக்கு ரெண்டுதான் இருந்துச்சு. மிச்சம் ரெண்டு எங்க வீட்டுல. ஏசி இல்லாம நம்ம வீட்டம்மாவுக்குத் தூக்கம் வராது, என்ன பண்றது. மறுநாளே கொண்டாந்து மாட்டிட்டேனே.

இந்தாங்க, வந்துருச்சு. சக்கரை போதுமா? காரணம்னு ஒரு கட்டம் காலியா இருக்கு பாருங்க, அதுல காப்பி அடுப்புன்னு எழுதுங்க. அவளே ஒத்துக்கிட்டா, உங்களுக்கு என்ன சார்.