ஆறு பாக்கெட் முருங்கைப் பொடி

லோகநாயகி: கீரைய வூட்ல சேத்தே எட்டு மாசம் ஆவுது சிஸ்டர். அரக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி... ஒண்ணும் கெடையாது. வேணும்னா இவரயே கேளு.

சதாசிவம்: கண்ணால கூட பாக்கல.

வைஷாலி: அப்புறம் எப்படி சார், ரத்தம் உறையற அளவு, அதான் ஐ.என்.ஆர்., ஒன்னு புள்ளி நாலுல நிக்குது? இதயத்துல வால்வு மாத்தினவங்களுக்கு ரெண்டரைக்கு மேல இருக்கணும்.

லோகநாயகி: போன மாசத்துக்கு இது ஏறிகீதா, எறங்கிகீதா?

வைஷாலி: இறங்கியிருக்கும்மா. ரத்தம் சீக்கிரம் உறையுதுன்னு அர்த்தம். அது வால்வுல கட்டியா உக்காந்துச்சுன்னா... வேணாம், டாக்டரே சொல்லுவார்.

லோகநாயகி: நீயே சொல்லு. அவரு சொன்னா எனக்குக் காது அடச்சிக்குது.

வைஷாலி: பக்கவாதம் வரலாம். உயிருக்கே கூட...

சதாசிவம்: இன்னா லோகா, அதுக்குள்ள மூஞ்ச இப்டி வெச்சிக்கினு? நல்லாதான கீறேன். நேத்து கூட கம்பெனி பஸ்ஸ ஓடிப் புடிச்சேன்.

லோகநாயகி: ஓடுனியா? நெஞ்ச அறுத்துத் தெச்ச ஆளு, பஸ்சு பின்னால ஓடுனியா?

சதாசிவம்: ஓடல... வேகமா நடந்தேன்.

வைஷாலி: ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையைத் தவறாம போடுறீங்களா சார்?

லோகநாயகி: என் கையால குடுக்கறேன். முழுங்குனதும் வாயத் தொறந்து காட்டச் சொல்லுவேன்.

சதாசிவம்: நாப்பத்தொம்போது வயசுல ஸ்கூல் புள்ள மாரி நாக்க நீட்டிக்கினு நிக்கிறேன் சிஸ்டர்.

வைஷாலி: சரி, வேற ஏதாவது? லேகியம், பொடி, கேப்சூல்...

லோகநாயகி: மருந்தா? இந்த மாத்திரைய வுட்டா ஒண்ணும் கெடையாது.

வைஷாலி: மருந்து இல்லம்மா. உடம்புக்குச் சத்துன்னு சாப்பிடுறது. இயற்கையானதா இருந்தாலும் சொல்லணும்.

லோகநாயகி: இயற்கைன்னா...

சதாசிவம்: ஒண்ணும் இல்ல. இல்லன்னே எழுதிக்க சிஸ்டர்.

வைஷாலி: அம்மா ஏதோ சொல்ல வந்தாங்க. சொல்லுங்கம்மா.

லோகநாயகி: ஞாயித்துக்கெழம அடை சுடுவேன். மாவுல ஒரே ஒரு ஸ்பூனு... முருங்கப் பொடி போடுவேன்.

வைஷாலி: முருங்கைக் கீரையா?

லோகநாயகி: கீரை இல்லம்மா, பொடி. கீரைதான ஆவாதுன்னீங்க? பொடி எப்டி கீரையாவும்?

வைஷாலி: இலையைக் காய வச்சா தண்ணி மட்டும்தான் போகும். மத்தது எல்லாம் பொடியிலயே சுண்டி நிக்கும். கீரையில வைட்டமின் கேன்னு ஒன்னு இருக்கு. அதுதான் இந்த மாத்திரையை வேலை செய்ய விடாது.

லோகநாயகி: போன மாசமே டாக்டரு கேட்டாரும்மா. பொடி கிடி எதுனா துன்றாரான்னு. நான்தான் இல்லன்னுட்டேன்.

வைஷாலி: ஏம்மா அப்படிச் சொன்னீங்க?

லோகநாயகி: அத நானே அரைச்சி விக்கிறேன். டாக்டரு வாயால ஆவாதுன்னு வந்துட்டா அப்பறம் ஆரு வாங்குவா? ஏற்கெனவே கல்பாக்கம் டவுன்ஷிப்ல ஒரு அம்மா, இதே முருங்கய கேப்சூல்ல அடச்சி ஆன்லைன்ல வர்றத வாங்கி முழுங்குது. என் பொடியக் குடுத்தா, இதுல எக்ஸ்பைரி டேட்டு இல்லியேன்னு திருப்பித் தருது.

சதாசிவம்: மரத்துல எக்ஸ்பைரி டேட்டு எங்க எழுதிகீதுன்னு கேக்க வேண்டிதான?

லோகநாயகி: உனுக்கு எல்லாம் வெளயாட்டு.

வைஷாலி: பொடி கெட்டதுன்னு நான் சொல்லவே இல்லம்மா. மத்தவங்க சாப்பாட்டோட கொஞ்சம் சேத்துக்கட்டும், நல்லதுதான். இந்த மாத்திரை போடுறவர் இஷ்டத்துக்குச் சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான்.

சதாசிவம்: ஒரு ஸ்பூனுதான சிஸ்டர். அதுவும் நாலு பேரு துன்ற மாவுல.

வைஷாலி: அதான் எனக்கும் இடிக்குது. வாரத்துக்கு ஒரு ஸ்பூன்ல இவ்வளவு இறங்காதே.

லோகநாயகி: எறங்கிடிச்சே. கட்டுன புருசன நானே கொல்லப் பாத்துகீறேன். போதும். மிஷினத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். கம்பெனி ஆர்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

வைஷாலி: கம்பெனி ஆர்டரா?

லோகநாயகி: மறைமலைநகர்ல, இவுரு வேல செய்ற எடத்துல மாசம் ஆறு பாக்கெட் போவுது. மோகன்னு ஒருத்தரு, ரவிச்சந்திரன்னு ஒருத்தரு, சூப்பர்வைசரு... வேற எங்கயும் போணியாவல. மாமல்லபுரத்துல ஒரு கடைக்காரரு மூணு வாங்கி வெச்சி மூணயும் திருப்பிட்டாரு. இந்த ஆறு போவுதேன்னுதான் வுடாம பண்ணிக்கினு கீறேன்.

சதாசிவம்: நிறுத்த வேணாம் லோகா.

லோகநாயகி: நீ பேசாத.

சதாசிவம்: அடைல போடாத, அவ்ளோதான். நானும்... இனிமே ஜாக்கிரதையா இருந்துக்கறேன். டாக்டரு மாத்திரைய கொஞ்சம் ஏத்திக் குடுத்துட்டா அடுத்த மாசம் சரியாய்டும் சிஸ்டர்.

வைஷாலி: எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?

சதாசிவம்: சும்மா... மனசுல தோணுது.

வைஷாலி: சார், ஏற்கெனவே ரெண்டு தடவை டோஸ் ஏத்தியாச்சு. நீங்க ஏதோ சாப்பிடுறதாலதான் இது இறங்குதுன்னு வைங்க. இன்னிக்கு டோஸையும் ஏத்தி, அதையும் திடீர்னு நிறுத்தினா ரத்தம் தண்ணி மாதிரி ஆயிடும். மூக்குல வரும், வயித்துல வரும். தலைக்குள்ள கசிஞ்சா காப்பாத்தறதே கஷ்டம்.

லோகநாயகி: ஒரு ஸ்பூனு நிறுத்துனாலா?

வைஷாலி: அந்த ஸ்பூனைச் சொல்லலம்மா. நான் சாரைத்தான் கேக்கறேன்.

லோகநாயகி: இன்னாயா? ஏன் கீழ பாக்குற?

சதாசிவம்: இவள கொஞ்சம் வெளில ஒக்காரச் சொல்லு சிஸ்டர்.

லோகநாயகி: நான் போவ மாட்டேன். சொல்லு.

சதாசிவம்: அடையால இல்ல லோகா. நீ ஒண்ணும் பண்ணல.

லோகநாயகி: பின்ன?

சதாசிவம்: ஒரு நாளைக்கு நாலு ஸ்பூனு... கம்பெனி கேன்டீன்ல மோர்ல கலக்கிக் குடிக்கிறேன்.

வைஷாலி: எவ்வளவு நாளா?

சதாசிவம்: மூணு மாசமா. பொடி கீரையாவாதுன்னு இவள மாரிதான் நானும் நெனச்சேன்.

லோகநாயகி: ஏது பொடி? வூட்டு டப்பால அளந்து வெச்சது அப்டியேதான கீது...

சதாசிவம்: வூட்டுப் பொடி இல்ல.

லோகநாயகி: அந்த ஆறு பாக்கெட்டா?

சதாசிவம்: மொத மாசம் ஆளுக்கு ஒண்ணு வாங்குனாங்க. அப்பறம் ஆரும் கேக்கல.

லோகநாயகி: மாசாமாசம் காசு கொண்டாந்து குடுத்தியே.

சதாசிவம்: என்னுதுதான்.

லோகநாயகி: பச்ச வாசன அடிக்குதுன்னாங்களா?

சதாசிவம்: அப்டிலாம் இல்ல... ஒருத்தன் சொன்னான்.

வைஷாலி: சார், நாலு ஸ்பூன், மூணு மாசம். இதை நான் முதல்ல டாக்டர்கிட்ட சொல்லிடறேன். டோஸ் என்னன்னு அவர் பாத்து முடிவு பண்ணட்டும். ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க. காரணம் தெரிஞ்சிடுச்சும்மா, அழாதீங்க.

லோகநாயகி: நான் ஒண்ணும் அழல. நீ போ சிஸ்டர்.

சதாசிவம்: லோகா...

லோகநாயகி: வாங்கலன்னா வாங்கலன்னு வந்து சொல்ல வேண்டிதான?

சதாசிவம்: சொல்லணும்னுதான் வருவேன். நீ தெரு முனையிலயே நின்னுகினு, மோகன் இன்னா சொன்னாருன்னு கேப்ப. ஆபரேஷன் ஆனதுலருந்து நீ சிரிச்சே நான் பாக்கல. அதக் கேக்கறப்பதான் சிரிச்ச.

லோகநாயகி: அதுக்கோசரம் உசுர வெச்சா வெளயாடுவ? கேன்டீன் குப்பத்தொட்டில கொட்டிட்டு வர வேண்டிதான? எனுக்கு இன்னா தெரியப் போவுது?

சதாசிவம்: கொட்டத்தான் போனேன். பாக்கெட்டு மேல உன் பேரு போட்டிருந்துது.