பிஜியில் இல்லாத கமிட்டி

பிஜியில் ரக்கிரக்கி ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "தலைவர் சிட்னியில, செயலாளர் ஆக்லாந்துல, ஓட்டைக் கூரை மட்டும் நம்ம ஊர்லயே" என்றதும், இதை எழுதியே தீருவதென்று பேனாவை எடுத்தேன். அவர் மடியில், கோயில் கமிட்டி நடத்தும் பாலர் பள்ளியின் கூரைக்காக ஓர் அறக்கட்டளையிடம் நிதி கேட்கும் விண்ணப்பம் இருந்தது.

"பிஜியில இருக்கிற கமிட்டிக்காரங்க அஞ்சு பேர் கையெழுத்து வேணுமாம், தங்கச்சி. திங்கட்கிழமை கடைசி."

"ஆட்சி கவுந்த மறுமாசமே அவங்கல்லாம் நாட்டை விட்டுப் பறந்துட்டாங்களே! பதவியையாவது விட்டாங்களா, அக்கா?"

"விடுவாங்களா? தலைவர் போன் பண்ணி, கல்வெட்டுல தன் பேரு முதல்ல வரணும்னார்."

"கூரைக்கே வழியில்ல, கல்வெட்டாம்! வெள்ளிக்கிழமை பூசைக்குச் சமைக்கிறது யாரு?"

"நீ, நான், இன்னும் மூணு பேரு."

"சோறு வடிச்சதும் கூட்டம் போடுவோம். அவங்க பேரை அடிச்சிட்டு நம்ம அஞ்சு பேரை எழுதுங்க."