தவராசாவின் பெயரில் ஒரு வரி

எனக்குச் சீனி போடாத தேநீர்தான் பழக்கம். சிரமப்படாதீர்கள், இதுவே நன்றாக இருக்கிறது.

கேட்டதற்குச் சொல்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் சிறிய கணினி அலுவலகம் எங்களுடையது. மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போவதற்கான பாஸை அச்சிடும் மென்பொருளை நாங்கள்தான் எழுதினோம். நிரலின் எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்ற வரலாறு முழுவதும் சப்வேர்ஷன் என்ற பழைய பதிவு மென்பொருளில் கிடந்தது. ஆனால் நாங்கள் எல்லோரும் 'துறை' என்ற ஒரே பெயரில்தான் உள்ளே நுழைவோம். எதிலும் தன் பெயர் இருப்பதை யாரும் விரும்பாத காலம். யார் எழுதினாலும் துறைதான் எழுதியது.

போன வருடத் தொடக்கத்தில் முதலாளி சிவகுருநாதன் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எல்லாத்தையும் 'கிட்' எண்ட புதுப் பதிவு முறைக்கு மாத்தட்டாம். ஒவ்வொரு வரிக்கும் எழுதின ஆளின்ர பேர் வேணுமாம். அடுத்த கிழமை பாதுகாப்புக்காரர் வந்து பாப்பினமாம்."

"ஆர் எழுதினதெண்டு இனி எப்பிடி ஐயா பிரிக்கிறது?"

"உமக்குத்தானே எல்லாம் ஞாபகம்."

ஓம், எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

தவராசா என் மேசையடிக்கு வந்தான். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வருகிறவன். புதிதாகக் கல்யாணம் கட்டியிருந்தான்.

"அக்கா, என்ர பேரைக் கொஞ்சம் தாராளமாப் போடுங்கோ. கொழும்பில வேலைக்குக் காட்டலாம்."

"நீ எழுதினதைவிடக் கூடவோ?"

"எழுத நினைச்சதையும் சேருங்கோவன்."

இருவரும் சிரித்தோம்.

கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. இறக்கக்கண்டியில் என் தம்பி ஓட்டும் படகுக்குப் பாதுகாப்புக்காரர் பாஸைத் தடுத்திருந்தார்கள். அந்தப் படகின் இலக்கம் வந்தால் தடையைப் பார்க்காமல் அச்சிடு என்று சொல்லும் வரி அது. எழுதியவள் நான். தம்பி குழந்தை குட்டிக்காரன். படகு அவன் மாமனாரின் பெயரில் இருந்ததால் என்னோடு யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். வரியை அழிக்கலாம், அழித்த தடம் வரலாற்றில் நிற்கும். பெயரில்லாமல் விட்டால் கிட் ஏற்காது.

தவராசாவின் பெயரைப் போட்டேன். தாராளமாகப் போடச் சொன்னவன் அவன். அவனுக்குப் பிள்ளையும் இல்லை; பிறக்கப்போவதாக அவன் என்னிடம் சொல்லவில்லை. பழைய சப்வேர்ஷன் பிரதியைத் துடைத்தேன். இரண்டு வைத்திருந்தால் குழப்பம்.

வந்தவர்கள் அந்த வரியைக் காட்டி மரியாதையாகத்தான் கேட்டார்கள். தவராசா என்னைப் பார்த்தான்.

"நான் இதை எழுதேல்லை. அக்கா, நீங்களே சொல்லுங்கோ."

"இதில உன்ர பேர்தான் கிடக்குது, தம்பி."

அது பொய் இல்லை. திரையில் அப்படித்தான் இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விடவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

போன மாதம் அவன் மனைவி ராசமலர் கைக்குழந்தையோடு வந்தாள்.

"இவள் வளந்து தகப்பனைப் பற்றிக் கேட்டா, கொப்பர் எழுதினதெண்டு காட்ட ஏதும் கிடக்குதோ, அக்கா?"

அவன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் அச்செடுத்து, கட்டிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டேன். பிள்ளை தகப்பனைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதல்லவா.