வாயை மூடி எடுத்த அச்சு

இரண்டு காதும் ஒரே மாதிரி இருக்கும் என்றுதான் அறுபத்தேழு வயது வரை நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், ஐயா. இல்லவே இல்லை. என் இடது காதுத் துளை நேர்கோடு; வலது காது மலைப்பாதை. கடையில் கிடைக்கிற எந்த இயர்போனை மாட்டினாலும் அரைமணியில் வலது பக்கம் சிவந்து வீங்கி, ஒரு வாரத்துக்குத் தலையணை என்னோடு சண்டை போடும். அதனால்தான் காதை அச்செடுத்து அதே அளவில் வார்த்துத் தருகிற இன்-இயர் மானிட்டருக்குப் போனேன். அவசரப்பட்டு வாங்கினேன் என்று எழுதிவிடாதீர்கள். நாலு மாதம் படித்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் நச்சரித்துத் தேர்ந்தெடுத்தது. என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு விசாரித்ததில்லை.

தேவையும் இருந்தது. மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், நாலு வருடமாக எங்கள் வீட்டில். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், குரலுக்கு இல்லை. அவர் தும்மினால் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவர் ஒதுங்கி வழிவிடுவார். நான் தோளில் துண்டோடு எழுந்தால் போதும்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மாப்பிள்ளை குளியலறை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். வழக்கம்போல் நாற்பது நிமிடம் தாமதமாகத் திரும்புவார்."

மனைவி சிரிப்பாள். நானும் சிரித்தேன், முதல் வருடம்.

அச்செடுக்கும் பெண் கெட்டிக்காரி. காதுக்குள் நூல் கட்டிய பஞ்சை வைத்தாள். சிரிஞ்சில் இளஞ்சிவப்புப் பசையை எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், வாயைத் திறந்து வச்சு எடுக்கவா, மூடியே எடுக்கவா? பாடுறவங்க வாயில ஒரு கட்டையைக் கடிச்சுக்கிட்டு எடுப்பாங்க. தாடை அசைஞ்சா காதுத் துளையும் அசையும், பாருங்க."

"நான் பாடப் போறதில்லம்மா. பேசவே போறதில்ல. மூடியே எடும்மா. சொகுசா இருந்தா போதும்."

வந்து சேர்ந்ததை எப்படிச் சொல்வேன்! மென்மையான சிலிக்கான். மாட்டியிருப்பதே தெரியாது, கழற்றினால்தான் உடம்பில் ஏதோ குறைவது தெரியும். பாட்டு நடுமண்டையில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்ளும். மச்சான் எதிரே நின்று தொட்டி மீன் போல வாயசைப்பார். "காதுல என்ன மாப்பிள்ளை, சிமெண்டா?" என்று கேட்டாராம். மனைவி பிறகு சொன்னாள். அவர்மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியமே வந்தது அப்போதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனைவி பல் மருத்துவரிடம் போயிருந்தாள். நான் கூடத்தில் சாய்வு நாற்காலியில், காதில் வயலினும் மடியில் ஒரு தட்டு பிஸ்கட்டுமாக இருந்தேன். முதல் பிஸ்கட்டுக்கு வாயைத் திறந்தேன். தாடை இறங்கியது, காதுக்குள் மயிரிழை அளவு இடைவெளி விட்டது, அதன் வழியே பக்கத்து அறை உள்ளே வந்தது.

"மாப்பிள்ளை... பம்பைக் காணோம்... மூச்சு..."

மச்சானுக்கு ஆஸ்துமா. மருந்து உறிஞ்சும் பம்பு கைக்கெட்டாமல் இரண்டு முறை ஆஸ்பத்திரி வரை போய் வந்தவர். அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் என்பதுதானே உங்கள் கேள்வி. வாயை மூடினேன். வயலின் திரும்ப வந்துவிட்டது. அவ்வளவு துல்லியமான அச்சு, ஐயா. ஒரு பிசிறு இல்லை.

இரண்டாவது பிஸ்கட்டின்போதும் குரல் இருந்தது, ஆனால் மெல்லியதாக. அவர் அவ்வளவு பதமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்றாவதில் ஒன்றுமில்லை. நான்காவதை நிதானமாக, வாயை நன்றாகத் திறந்து மென்றேன், உறுதிப்படுத்திக்கொள்ள.

"உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையாங்க?" என்று அழுதாள் மனைவி. காதிலிருந்து கழற்றிக் காட்டினேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "பாவம், இவர் காதுல அதை மாட்டியிருந்தாரு" என்று எனக்காக அவளே வாதாடினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொருள் என்றால் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்பவன் நான். ஒரு மாதத்துக்குள் போனால் வேறு அச்செடுத்துத் திருத்தித் தருவார்கள். மனைவிக்கும் மாறுதலாக இருக்கட்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"வாயைத் திறந்தா வெளிச்சத்தம் உள்ள வருதா சார்?"

"வருதாவா! பக்கத்து ரூம்ல முனகினாக்கூட வார்த்தை வார்த்தையா கேக்குது. நிம்மதியா ஒரு பிஸ்கட் தின்ன முடியலம்மா."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டு, இந்த முறை என் பற்களுக்கிடையே கட்டையை வைத்துப் பசையை நிரப்பினாள். மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் வந்தப்போ பிஸ்கட் தட்டு காலியா இருந்துச்சு," என்றாள்.

வாயில் கட்டை. நான் என்ன பதில் சொல்ல? அவள் எழுந்து வெளியே போனாள். பசை காய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் ஸ்டேஷனுக்கு, உங்களிடமே வந்துவிட்டாள்.

பம்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது அவர் அறையில் அகப்படாததில் மர்மம் ஒன்றும் இல்லை. அன்று காலையே நான்தான் எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உறிஞ்சுவதற்கு முன்னால் அதை அவர் குலுக்குவார் பாருங்கள், அந்தச் சத்தத்தை எந்த மனிதனாலும் தாங்க முடியாது.