நூற்று நாற்பத்தாறாம் ஜாடியைப் பிரித்தவருக்கு

அறியும் ஆவலையே அணிகலனாய் அணிந்தவரே! அவசரமறியா விழியும் அயர்வறியா விரலும் ஒருங்கே வாய்த்தவரே! முப்பத்தோராண்டு மூடிகளைத் திறந்தும் மூடியும் ஒருநாளும் முகஞ்சுளிக்காத மூத்தவரே! பெயர்ச்சீட்டு அடிக்க வந்து, பெயரில்லாதிருந்த ஓர் உயிருக்குப் பெயர் வாங்கித் தந்த பெருந்தகையே! எங்கள் சீசா அக்காவே!

பணி நிறைவு பெறும் இப்பொன்னாளில், அருங்காட்சியக ஊழியர்கள் அனைவரும் அன்பால் நெஞ்சு நிறைந்து இம்மடலை உங்கள் முன் வாசித்தளிக்கிறோம்.

ஆனால் ஒரு சிக்கல். நேருக்கு நேர் புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன் என்று மூன்று நாளாக எங்களை மிரட்டி வருகிறீர்கள். சொன்னால் செய்யக்கூடியவர் நீங்கள். ஆகவே இம்மடலின் நடுப்பகுதியில் உங்களை நாங்கள் விளிக்கப் போவதில்லை. அக்கா என்றொருவரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அவர் யாரோ எவரோ என்று நினைத்துக்கொண்டு தயவுசெய்து நாற்காலியிலேயே இருங்கள்.

அக்கா இங்கே வந்தது தட்டச்சராக. மூன்று மாதத் தற்காலிக வேலை. உயிரினங்களைச் சாராயத்தில் ஊறப்போட்டு வைத்திருக்கும் ஸ்பிரிட் ரூமில் உள்ள ஜாடிகளின் பெயர்ச்சீட்டுகள் மங்கிப்போயிருந்தன. அவற்றைப் புதிதாக அடித்து ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் அந்த அறைக்குள் நுழைந்தபோது சாராய நெடி மூக்கைப் பிடித்து ஆட்டியதாம். இரண்டு சுவர் முழுக்க நானூறு ஜாடி, அத்தனையிலும் பல்லி. வேறொருவராக இருந்தால் வந்த வழியே திரும்பியிருப்பார். அக்கா ஒரு ஜாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இதுக்கு மட்டும் ஏன் கண்ணு வட்டமா இருக்கு? வீட்டுப் பல்லிக்குக் கோடு மாதிரில்ல இருக்கும்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொன்னவர், அப்போதுதான் துறைத்தலைவராகப் பொறுப்பேற்றிருந்த ஐயா. "இது பகல்பல்லி. வெயில்ல திரியுறது. அதான் கண்ணு அப்படி." கேள்வி கேட்ட தட்டச்சரை அவருக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று மாதம் ஆறு மாதமாகி, பின் நிரந்தரமும் ஆனது. அதற்கு மேலிடத்தில் போய் நின்றவரும் ஐயாதான். அக்கா அதை ஒருபோதும் மறந்ததில்லை.

பகல்பல்லி என்பது ஒரே ஒரு பல்லியின் பெயரன்று. ஒரு பேரினத்தின் பெயர். அதற்குள் எத்தனையோ சிற்றினங்கள். சுண்டுவிரல் நீளம்கூட வராத உடம்பு. சுவரில் ஒட்டிக்கொள்ளும் அகன்ற பாதம் இவற்றுக்குக் கிடையாது. மெல்லிய விரலும் நகமும்தான். பாறை வெடிப்பு, மரப்பட்டை, பழைய கற்சுவர் என்று எங்காவது ஒண்டிக் கிடக்கும். ஒரு குன்றில் இருப்பது அடுத்த குன்றில் இருக்காது. ஆனாலும் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். உயிரோடிருக்கையில் ஆணின் தொண்டையில் இருக்கும் நிறமும் ஸ்பிரிட்டில் விழுந்த சில நாளில் வெளுத்துப்போகும். அப்புறம் செதிலை எண்ண வேண்டும். ஆண்களுக்கு வயிற்றுப்புறம் பின்கால்களை ஒட்டியிருக்கும் ஊசிமுனைத் துளைகளை எண்ண வேண்டும். எண்ணுகிறவருக்குப் பொறுமை இருந்தால்தான் பல்லி வாய் திறக்கும்.

ஒன்பது ஆண்டுக்கு முன்பு ஒரு முற்பகல். நூற்று நாற்பத்தாறாம் ஜாடியில் ஸ்பிரிட் வற்றியிருந்தது. ஊற்றுவதற்கு முன் பல்லிகளைத் தட்டில் எடுத்து வைத்து எண்ணுவது அக்காவின் வழக்கம். இருபத்து மூன்று இருந்தன. எல்லாம் ஒரே சிற்றினம் என்று பெயர்ச்சீட்டு சொன்னது. சும்மா இருக்க முடியாமல் அக்கா உருப்பெருக்கியை எடுத்தார். பெண்களுக்குத் துளை இல்லை. அது அவருக்குத் தெரிந்ததே. ஆண்களுக்கு இரு தொடையிலும் வரிசையாகத் துளைகள். ஆனால் நான்கு பல்லிகளுக்கு மட்டும் தொடை மொழுமொழுவென்றிருந்தது. துளைகள் இருந்தன; தொடையில் அல்ல, வாலடிக்குச் சற்று முன்னால், நட்டநடுவில்.

ஐயாவின் அறைக்குப் போய்ச் சொன்னார்.

"பொம்பளப் பல்லிக்குத் துளை இருக்காதும்மா" என்றார் ஐயா, தலை நிமிராமல்.

"இருக்கே ஐயா. நடுவுல இருக்கு."

"அப்ப வயசு வித்தியாசமா இருக்கும்."

"நாலுமே நல்லா வளந்ததுங்க ஐயா. நீங்க ஒருக்கா வந்து..."

அப்போதுதான் ஐயா நிமிர்ந்தார். "லேபிள் அடிக்கிறது உங்க வேலை. சிற்றினம் பிரிக்கிறது என் வேலை. போங்க."

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஜாடியை அப்படி ஆக்கியவரே அவர்தான். அதற்கு இருபத்தொன்பது ஆண்டுக்கு முன், இளைஞராக இருந்த காலத்தில், இந்த வட்டாரத்துப் பாறைப் பகல்பல்லிகள் எல்லாம் ஒரே சிற்றினமே என்று நிறுவிப் பட்டம் வாங்கியவர் அவர். நிறுவிய கையோடு, தனித்தனியாக இருந்த இரண்டு ஜாடிகளை ஒன்றாகக் கொட்டியும் விட்டார். அவர் பேர் சொல்லும் வேலை அது.

அக்காவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இரண்டு மாதம் அந்த ஜாடிப் பக்கமே போகவில்லை. ஆனால் மனசு கேட்க வேண்டுமே! அந்த நான்கும் எங்கிருந்து வந்தன? பதிவேட்டைப் புரட்டலாமென்றால், கூரை ஒழுகி அந்தப் பக்கங்கள் எல்லாம் அப்பளமாய் ஒட்டிக் கிடந்தன. மிஞ்சியது பல்லியின் காலில் நூலால் கட்டிய துண்டுக் காகிதமும் அதில் அடித்த எண்ணும் மட்டுமே.

இங்கேதான் தட்டச்சர் விழித்துக்கொண்டார். எண்களின் வடிவத்தைக் கொண்டே, அவற்றை அடித்த தட்டச்சு இயந்திரங்களை அக்கா அடையாளம் கண்டார். பத்தொன்பது சீட்டுகள் நம் அலுவலகப் பழைய இயந்திரத்தில் அடித்தவை. அந்த நான்கில் மட்டும், நான்கு என்ற இலக்கம் வரியை விட்டு ஒரு முடியளவு மேலே தூக்கி நின்றது. அப்படித் தூக்கும் இயந்திரம் இந்தக் கட்டடத்தில் இருந்ததே இல்லை. அப்படியானால் அனுப்பியவர் வெளியாள். வெளியாள் என்றால் கூடவே ஒரு கடிதம் வந்திருக்கும்.

பழைய கோப்புகளை அக்கா உணவு இடைவேளைகளில் புரட்டினார். ஐந்தாவது வாரத்தில் அகப்பட்டது. நீர்த்தேக்க அலுவலகத்திலிருந்து யாரோ ஒருவர் எழுதிய நான்கு வரிக் கடிதம். தேதியில் இருந்த நான்கு மேலே தூக்கியிருந்தது. 'எங்கள் மதகுச் சுவரில் பிடித்த பல்லிகள் நான்கை இத்துடன் அனுப்பியுள்ளேன். தொண்டை அழகாக இருக்கிறது. என்ன பல்லி என்று தெரிவித்தால் மகிழ்வேன்.' பதில் போனதாகக் கோப்பில் எதுவும் இல்லை.

மறுநாள் அக்கா விடுப்பு எடுத்தார். எங்கள் வாகனப் பிரிவு டிரைவர் அண்ணனும் எடுத்தார். தன் சொந்த இருசக்கர வண்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டினார். மதகு அப்படியே இருந்தது. இரு பக்கமும் கற்சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்பு உதிர்ந்த இடுக்குகள். பத்து நிமிடம் அசையாமல் நின்றார்கள். பிறகு சுவர் அசைந்தது. கல்லின் நிறத்திலேயே ஒரு பல்லி, இன்னொன்று, அதோ இன்னொன்று. ஓர் ஆண் பல்லி தலையைத் தூக்கித் தொண்டையைக் காட்டியது. மஞ்சள், அதன் மேல் மூன்று கருங்கோடு.

"யாரோ மை தொட்டு இழுத்த மாதிரி இருக்குக்கா!" என்றார் டிரைவர் அண்ணன்.

 அக்காவின் பார்வை சுவரின் மேலே போயிருந்தது. அங்கே ஓர் அறிவிப்புப் பலகை. கசிவைத் தடுக்க இருபக்கச் சுவர்களும் சிமென்ட் பூசி அடைக்கப்படும். வேலை தொடங்கும் நாள் இன்னது. இன்னும் பன்னிரண்டே நாள்.

திரும்பும் வழியெல்லாம் அக்காவின் மனசில் ஓடியது இதுதான். சொல்லாமல் விட்டால் பல்லி போகும்; சொன்னால் வேலை வாங்கித் தந்தவரின் முப்பதாண்டுப் பெயர் போகும். மறுநாள் காலை ஐயா வந்து உட்கார்ந்ததும் அக்கா போய் நின்றார். கடிதத்தையும் சீட்டுகளையும் உருப்பெருக்கியையும் மேசையில் வைத்தார்.

"ஐயா, பதினோரு நாள்ல சிமென்ட் பூசப் போறாங்க. என்னைத் திட்டுறதா இருந்தா அப்புறமாத் திட்டுங்க. இப்ப வண்டியில ஏறுங்க."

ஐயா கடிதத்தை இரண்டு முறை படித்தார். சீட்டுகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்.  எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

முட்டிவலிக்காரர் அந்த வழுக்கும் படியில் எப்படி இறங்கினார் என்பது இன்றைக்கும் எங்களுக்குப் புரியாத புதிர். இறங்கி, குப்புறப் படுத்து, இடுக்குக்குள் கையை விட்டார். ஒரே எட்டு, பல்லி கைக்குள். பழகிய கை! மல்லாத்திப் பிடித்து உருப்பெருக்கியை வைத்தார். தொடையில் ஒன்றுமில்லை. நடுவில் நான்கு துளை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை விரித்தார்; பல்லி சுவரில் தாவி மறைந்தது.

"நான்தாம்மா ஊத்தினேன்" என்றார். "ரெண்டு ஜாடியையும் ஒண்ணா ஊத்தினது நான்தான். ஆணா பொண்ணான்னுகூடச் சரியாப் பாக்கல. அவசரம்." எழுந்து உட்கார்ந்து, "இதை எழுதணும். நான் எழுதினது தப்புன்னு நானே எழுதணும். நீங்களும் கையெழுத்துப் போடணும்" என்றார்.

"நான் டைப்பிஸ்ட் ஐயா!"

"எண்ணினது யாரு?"

பிறகு கட்டுரையில் அக்காவும் கையெழுத்துப் போட்டார்.

மதகின் பொறியாளர் எளிதில் மசியவில்லை. "பல்லிக்காக வேலையை நிறுத்தச் சொல்றீங்களா? கசிஞ்சா கீழ இருக்கிற வீடுங்களுக்கு யார் பதில் சொல்றது?" அவர் கேட்டதும் நியாயமே. ஐயா ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் அக்கா குறுக்கிட்டார். "நிறுத்த வேணாங்க. கசியுற பக்கம் பூசுங்க. வலப்பக்கம் காஞ்சு கெடக்கே, அதுக்கு எதுக்குச் சிமென்ட்?" பொறியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வலப்பக்கச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அரை நாள் கழித்து வந்து, "அந்தப் பக்கத்தை விட்டுடறேன். இடப்பக்கம் மட்டும் விட முடியாதும்மா" என்றார்.

மிச்சமிருந்த நாட்களில் எங்களில் எட்டுப் பேர் மாறி மாறிப் போய் இடப்பக்கச் சுவரிலிருந்து இருபத்தாறு பல்லிகளைக் கையால் பிடித்து வலப்பக்கம் விட்டோம். முட்டைகளை மாற்ற முடியவில்லை. இரண்டிரண்டாகக் கல்லோடு ஒட்டியிருக்கும், பெயர்த்தால் உடையும். பதினொரு இணை முட்டைகள் சிமென்டுக்குள் போயின. எல்லாம் நல்லபடி முடிந்ததாக யாராவது சொன்னால் அக்கா இன்றும் திருத்துவார்: "பதினோரு சோடி போச்சு." அடுத்த ஆண்டு வலப்பக்கச் சுவரில் எண்ணியபோது ஐம்பத்து மூன்று பல்லி இருந்தது என்பதையும் அவரே சொல்வார்.

புதிய சிற்றினத்துக்கு அக்காவின் பெயரை வைக்க ஐயா ஒற்றைக்காலில் நின்றார். அக்கா மறுத்துவிட்டார். "நாளைக்கு எவராவது வந்து, இதுவும் அதுவும் ஒண்ணுதான்னு மறுபடி ஊத்திட்டா என் பேரும் சேந்து போயிரும். அது இருக்கிற எடத்தோட பேரையே வைங்க." மதகுப் பகல்பல்லி என்றே அது பேரினத்தில் சேர்ந்தது. ஐயா தம் தவற்றைத் தாமே எழுதி வெளியிட்ட அந்தக் கட்டுரையை, ஓய்வு பெற்ற நாளில் தம் வாழ்நாளின் நல்ல வேலை என்றார். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரிடம், இதையெல்லாம் மடலில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். "ஒரு வரிகூட விடாதீங்க" என்றார்.

இனி உங்களையே விளிக்கிறோம், அக்கா! எழுந்து போகாதிருந்ததற்கு நன்றி.

எண்ணிப் பார்த்த பின்னரே எதையும் ஏற்றவரே! ஏற்றதை எவர் முன்னும் எடுத்துரைக்க அஞ்சாதவரே! வென்றபோதும் வீழ்ந்ததை மறைக்காதவரே! நீங்கள் திறந்து வைத்த கேள்விகள் இவ்வறையில் எங்களுக்கு நெடுங்காலம் வேலை தரும். சென்ற வாரம், ஓய்வுக்குப் பின் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டோம். யாத்திரை, தோட்டம், தூக்கம் என்று எதையாவது சொல்வீர்கள் என எதிர்பார்த்தோம். நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னீர்கள்: "எங்க வீட்டுக் குளியலறையில ஒரு பல்லி இருக்கு. பதினெட்டு வருஷமா தங்கச்சி அதை வெளக்குமாத்தால வெரட்டிட்டிருக்கா. அது என்ன சிற்றினம்னு நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. திங்கட்கிழமை பாக்கணும்."

பாருங்கள், அக்கா! பார்க்கும் கண்ணும், பல காலம் நிற்கும் காலும், பகல் முழுதும் ஓயாத ஆவலும் பெற்று, உடல்நலம் குன்றாது, தங்கையும் தாங்களும் பல்லியும் ஒரே வீட்டில் பல்லாண்டு இணங்கி வாழ்க என நெஞ்சார வாழ்த்துகிறோம். எண்ணி முடித்ததும் எத்தனை துளை என்று எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
ஸ்பிரிட் ரூம், நூலகம், வாகனப் பிரிவு, வாயிற்காவல் உள்ளிட்ட
அருங்காட்சியக ஊழியர்கள்