மரத்தூள் வாசத்தை முதலில் அடக்கியவருக்கு

அதட்டலில் அன்னையே! அக்கறையில் அக்காவே! காற்றையும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் கண்டிப்பின் திருவுருவே! ஸ்ரீ கெம்பாங்கானில் மேசை நாற்காலி செய்யும் எங்கள் தளவாடத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியாய், இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் மூச்சுக்குக் காவல் நின்று ஓய்வுபெறும் பெருமதிப்பிற்குரிய தனலெட்சுமி அம்மையாரே! வணக்கம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி நீங்கள் வந்து இறங்கும் வேளையில், கழற்றிப் போட்ட முகக்கவசத்தைத் தேடி ஓடாத கால் இங்கே இல்லை. அந்தப் பயத்தையும் இனி நாங்கள் தேடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தூசும் ஆவியும் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றுதான் வாங்க முடியும் என்று நிர்வாகம் கையை விரித்தது. அது சாயம் பூசும் அறைக்கே என்று நாங்கள் குதித்தோம். அங்கே கண் எரியும், தலை சுற்றும். பங்சாரிலிருந்து வரும் வாடிக்கையாளரும் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார். நீங்களோ, மரம் தேய்க்கும் பகுதிக்கு என்றீர்கள்!

"என்னக்கா இது, நாத்தம் அடிக்கிற எடத்த விட்டுட்டு வாசம் அடிக்கிற எடத்துக்கு மெஷினா?" என்று கொதித்தார், சாயம் பூசும் அய்யாவு.

"நாத்தம்னா நீயே மூக்கப் பொத்திக்குவ லா. வாசம்னா இழுத்து இழுத்து மூச்சு விடுவ."

முகக்கவசமே போதாதா என்ற மேலாளரையும் விட்டீர்களில்லை. "மூக்க மூடுறது கடைசி பாஸ். தூள அடக்குறதுதான் மொதல்ல!"

மணக்கும் அந்தத் தூள் மூக்கில் புற்றுநோயாக முளைக்க இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும் என்று விளக்கினீர்கள். அதற்குள் மரம் தேய்க்கும் இம்ரான் வேலை பெர்மிட் முடிந்து சொந்த ஊரான இராமநாதபுரம் திரும்பியிருப்பார். அங்கே அவர் நோயில் விழுந்தாலும் நம்மை ஒருவரும் கேட்கப்போவதில்லை. "அதனாலதான் அவனுக்கு மொதல்ல" என்றீர்கள். இயந்திரமும் மரம் தேய்க்கும் பகுதிக்கே போயிற்று.

அய்யாவு மூன்று மாதம் உங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. நீங்களோ மேலிடத்தோடு மல்லுக்கட்டி, இரண்டே ஆண்டில் சாய அறைக்கும் இயந்திரம் கொண்டுவந்தீர்கள். அதன் விசையை அழுத்தியவரும் அவரே, அழுதவரும் அவரே!

இம்ரான் ஊர் திரும்பிவிட்டார். உங்கள் பிரியாவிடை விழாவைக் கேள்விப்பட்டுக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்: "அக்காகிட்ட சொல்லுங்கண்ணே, இப்பல்லாம் காலையில தும்மலே இல்ல. எங்க வீட்டு மீன்கொழம்பு வாசம் தெருமுனையிலேயே தெரியுது!"

அம்மையே! வந்த நோயைத் தீர்த்தவரை ஊரே கும்பிடும். வரவிடாமல் தடுத்தவரை யாரும் நினைப்பதில்லை. நாங்கள் நினைக்கிறோம், நெஞ்சார நன்றி சொல்கிறோம். நல்ல காற்றும் நிறை ஆயுளும் பெற்று, பேரப்பிள்ளைகளையும் இதேபோல் அதட்டிக்கொண்டு, நலமே வாழ்க!

என்றும் நன்றி மறவா,
தொழிற்சாலைப் பணியாளர்கள்

முதல் கையொப்பம் தமக்கே வேண்டுமென்று அடம்பிடித்துப் பெற்றவர்:
சாய அறை அய்யாவு