கோசு நாற்றுக்கு ஏற்ற வெளிச்சம்

பூக்கோசு விதை பார்ப்பதற்குக் கடுகு மாதிரியே இருக்கும். என் மனைவி சாலா முதலில் அதைத் தாளிப்பதற்கு எடுத்துவிட்டாள். நல்லவேளை, எண்ணெய் இன்னும் காயவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம், ஐயா. சிரிப்பதற்குத்தான் சொன்னேன். என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து மூன்று நாளாகிறது, நீங்கள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

விதையை அனுப்பியவர் குன்னூரில் இருக்கும் என் மாப்பிள்ளை. கூடவே ஒரு கடிதம். 'கடற்கரை மணலில் இது முளைக்காது, இருந்தாலும் மாமாவின் ஆசைக்காக அனுப்புகிறேன்.' அந்த 'இருந்தாலும்' என்னை உசுப்பிவிட்டது. பர்மாவை விட்டு நாற்பத்திரண்டில் நடந்தே வந்தவன் நான். ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே பாட்டனார் விட்டுப்போன தோட்டத்தில் பதினைந்து வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஐப்பசியில்தான் முதன்முதலாக எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

தேயிலைப் பெட்டியைப் பாதியாக அறுத்து, செம்மண்ணும் சலித்த எருவும் போட்டு, நாற்பது விதை ஊன்றினேன். ஐந்தாம் நாள் காலையில் முப்பத்தொன்று முளைத்திருந்தன. கழுத்தை வளைத்துக்கொண்டு மண்ணை முட்டித் தள்ளும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாலாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"அம்பத்தாறு வயசுல இப்புடிக் குதிக்கிறீங்களே, முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அவள்.

உண்மையிலேயே குதித்திருக்கிறேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று முழுக்கக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் சூரியனையே காணோம். வெளிச்சம் இல்லாவிட்டால் நாற்று என்ன செய்யும் தெரியுமா, ஐயா? தேடும். தண்டு வெளுத்து, நூலாக நீண்டு, வாசல் பக்கமே சாயும். அப்படியே விட்டால் இடுப்பு ஒடிந்து விழுந்துவிடும்.

வீட்டிலிருந்த விளக்கையெல்லாம் நாற்றுப் பெட்டி இருந்த தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டு வந்தேன். அரிக்கேன் லாந்தர் மஞ்சள் வெளிச்சம் தந்தது, நாற்றுகள் அதைச் சட்டை செய்யவே இல்லை. மேஜை விளக்கு புகைந்து இலையில் கரி படியவிட்டது. சைக்கிளின் கார்பைடு விளக்கு வெளிச்சத்தில் பரவாயில்லை, நாற்றத்தில் சாலாவைத் தெருவுக்கே விரட்டியது. நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கரெண்டு எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. ஆக, வெள்ளை வெளிச்சம் ஊரில் ஒன்றே ஒன்றிடம்தான் இருந்தது. அது கரைவிளக்கு.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழிமுகத்தில் கம்பம் நட்டு, ஐப்பசியிலிருந்து தை வரை கடலுக்குப் போகிறவர்களுக்காக விளக்கேற்றுவது எங்கள் குடும்பத்துத் தர்மம். பாட்டனார் காலத்தில் எண்ணெய் விளக்கு. நான் அதைப் பெரிய காஸ்லைட்டாக மாற்றினேன். அந்த வெளிச்சத்தை நேருக்கு நேராக வைத்து ஓட்டினால் வள்ளங்கள் ஆழமான வழியாகக் கரைக்கு வந்துவிடும். அங்கிருந்து இரண்டு பர்லாங்கு வடக்கே, என் தோட்டத்துக்கு எதிரில், இடிந்த பழைய துறையின் கற்கள் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. அது எனக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். அந்தத் துறையைக் கட்டியதும் எங்கள் பாட்டனார்தான்.

விளக்கேற்றுகிறவன் மூக்கன். இருபது வருஷமாக அவன்தான். கழற்றிக் கொண்டுவா என்றதும் தலையைச் சொறிந்தான்.

"மொதலாளி, வள்ளமெல்லாம் கடல்ல கெடக்கு. வெளக்க எடுத்துட்டா எத வச்சுக் கரைக்கு வருவாங்க?"

"அணைக்கவா சொன்னேன்? எடந்தானப்பா மாத்துறோம். வெயில் வந்ததும் அங்கிட்டே மாட்டிக்கலாம்."

நாற்றுப் பெட்டியை ஏன் கம்பத்தடிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காற்றில் ஒரு தண்டுகூட நிற்காது.

அன்று சாயங்காலம் காஸ்லைட்டைக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிட்டேன். எவ்வளவு உயரம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. புறங்கையை இலைமேல் வைத்துப் பார்த்தேன். சுட்டால் ஏற்று, சுடாவிட்டால் இறக்கு. ஒன்றரை முழம் சரியாக வந்தது. இருந்தும் கொட்டகைக்குள் சூடு தங்கியது. அதனால் கிழக்குப் பக்கத்துக் கீற்றுத் தட்டியைச் சுருட்டிக் கட்டினேன். கடல் காற்று உள்ளே வந்தது. வெளிச்சம் வெளியே போயிற்று. வெள்ளை வெளிச்சத்தில் முப்பத்தொரு நாற்றும் பச்சையாக நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பாட்டு வந்துவிட்டது. பாட்டு தெரியாதவன் நான்.

இருட்டி ஒரு நாழிகை கழித்து இன்னாசியின் வள்ளம் கல்லில் மோதியது. யாரும் சாகவில்லை. அவனுக்கு இடது கை மட்டும் ஒடிந்தது. தூக்கி வந்து என் வீட்டில்தான் படுக்க வைத்தார்கள்.

"வெளக்கு நேராத்தான் மொதலாளி வந்தேன். கடலு எங்கிட்டோ தள்ளிவிட்டுருச்சு. எம்மேலதான் தப்பு," என்றான்.

நான் காபி கொடுத்தேன். வலியில் இருப்பவனிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது அழகல்ல. அவன் தூங்கிய பிறகு சாலா, "அந்த வெளக்க மொதல்ல திருப்பி அனுப்புங்க," என்றாள். காலையில் பார்க்கலாம் என்றேன்.

காலையில் பார்த்தேன். நாற்றுகள் நிமிர்ந்திருந்தன. ஒரே இரவில், ஐயா. வாசல் பக்கம் சாய்ந்திருந்த தலைகள் எல்லாம் நேராக மேலே பார்த்தன. நடுவில் மூன்றாவது இலை ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்த்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் வெளிச்சம் கொடுத்தால் தேறிவிடும். இந்த நிலையில் நிறுத்துவதற்கு எவனுக்கு மனசு வரும்?

அன்று விடியும்போதே மூன்று வள்ளங்கள் போயிருந்தன. சாயங்காலம் காற்று ஏறியது. நான் விளக்கேற்றியதும் மூக்கன் நனைந்துகொண்டு ஓடிவந்தான்.

"மொதலாளி, மூணு வள்ளம் கடலுக்குள்ள நிக்கிது. வெளக்கக் குடுக்காட்டியும் போகுது, அந்தத் தட்டியவாவது எறக்கி விடுங்க. இங்கிட்டு வந்துருவாங்க."

நான் பிடிவாதக்காரன் அல்ல. உடனே தட்டியை இறக்கினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரம் பொறுத்தேன். சூட்டில் இரண்டு நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டன. தட்டியை மறுபடியும் சுருட்டினேன். காற்றில் அவிழாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டேன்.

மூக்கன் முடிச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விளக்கைப் பிடுங்கியிருக்கலாம், அவன் அப்படிப்பட்டவன் அல்ல. "அப்ப நான் போயி மறிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் கரையில் கிடந்த சின்ன வள்ளத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். பொறுப்பானவன். எனக்கு அவன்மேல் எப்போதும் மரியாதை உண்டு.

ஒரு வள்ளத்தை அவன் திருப்பிவிட்டான். மற்ற இரண்டும் என் வெளிச்சத்தை நம்பி வந்தன.

சத்தம் கேட்டதா என்றுதானே மூன்று நாளாகக் கேட்கிறீர்கள்? கேட்டது. கொட்டகைக்கும் தண்ணீருக்கும் நாற்பது தப்படிதான். முதலில் மரம் முறியும் சத்தம், அப்புறம் கூப்பிடும் சத்தம். மூக்கனின் குரலும் இருந்தது. 'மொதலாளி, தட்டி, தட்டி' என்றான். அந்த நேரம் பார்த்து விளக்கு மங்கியது. காஸ்லைட்டுக்கு மணிக்கொரு தரம் காற்றடிக்க வேண்டும். நான் பம்பைப் பிடித்து முப்பது தடவை அடித்தேன். வெளிச்சம் நன்றாக ஏறியது. மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவது நின்றுவிட்டது.

ஆறு பேர், மூக்கனையும் சேர்த்து. நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். உங்களிடம் சொன்னது சாலாவாகத்தான் இருக்கும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையில் தண்ணீர் தெளிக்க மட்டும் அவளிடம் சொல்லி அனுப்புங்கள். கையால் தெளிக்க வேண்டும், செம்பால் ஊற்றக் கூடாது.

முப்பத்தொன்றில் இருபத்தொன்பது பிழைத்துவிட்டன. தலை தொங்கிய அந்த இரண்டு மட்டும் போயின. அதற்காக ஒருநாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குத் துக்கம் விசாரிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது. அது நடந்த எட்டாம் நாள், இருப்பதிலேயே திடமான நாற்று ஒன்றைச் சின்னச் சட்டியில் எடுத்து வைத்து, மூக்கன் பெண்டாட்டி அழகியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கிக் கீழே வைத்தாள். நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் மண் வெடித்து, நாற்று காய்ந்து கிடக்கிறது. ஒரு கை தண்ணீர் விடவில்லை. நான் அவளைத் திட்டவில்லை, ஐயா. ஓர் உயிரை நம்பிக் கையில் கொடுத்தால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் சில பேருக்கு இருப்பதே இல்லை.